வல்மோரேயில் உச்சிவேளை

பன்னிரண்டு மணி மூன்று நிமிஷம். மூன்றே நிமிஷம். ஊராட்சி ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே விளக்குகூட அணையவில்லை, கண்ணாடி வழியாக நாற்காலி முதுகில் தொங்கும் பச்சை ஸ்வெட்டர் தெரிகிறது, ஸ்வெட்டருக்கு உரியவள் இப்போதுதான் பின்கதவு வழியாக இறங்கியிருப்பாள், தட்டினால் கேட்கும், தட்டினேன், கேட்கவில்லை, அல்லது கேட்டது. வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு, இரண்டிலிருந்து நான்கு என்று பலகை சொல்கிறது. இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் ஒத்திவைக்கலாம், ரயிலை, ஆட்சியை, கல்யாணத்தை. மதியச் சாப்பாட்டை மட்டும் ஒத்திவைக்க முடியாது. நியாயமாகப் பார்த்தால் இதில் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. பதினொன்று இருபதுக்கே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். நாற்பது நிமிஷம் ஃபோட்டோ எடுத்தேன். ஊர் எல்லையில் மூன்று பூ வரைந்த பலகை இருந்தது, அழகான ஊர் என்று அரசாங்கமே கொடுத்த பட்டம், அதை எடுத்தேன். தேன் நிறக் கல்வீடுகள், நீலப் பலகைச் சன்னல்கள், தொட்டியில் சிவப்பு ஜெரேனியம், நீர் சொட்டும் கல்சிங்கம், ஒவ்வொன்றையும் எடுத்தேன், ஆறு வாரமாக நான் செய்வது இதுதான். பரீட்சை முடிந்ததும் லியோனில் அறையைப் பூட்டிவிட்டு ரயில் பாஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு அழகான ஊராகத் தேடித்தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்றுவரை இந்த ஒரு ஊரைத் தவிர. அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, "ஏன்டி பாப்பா, அந்த நாட்டுல மனுசங்களே கெடையாதா?" என்று கேட்டாள். போய் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றில்கூட ஆள் இல்லை.

இரண்டு மணி வரை என்ன செய்ய? இரண்டு மணிக்குப் பிறகுதான் என்ன செய்யப்போகிறேன்? அதை முதலில் முடிவு செய். வாதத்தைச் சரியாக வை, செங்கமலம், இல்லை, பாப்பா, என்னை யாரும் செங்கமலம் என்று கூப்பிடுவதில்லை, நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. விஷயம் இது. அப்பாவுக்கு மார்ச் மாதம் காரைக்காலுக்கு ஒரு கடிதம் வந்தது, இந்த ஊரிலிருந்து, மோனிக் என்று கையெழுத்து. உள்ளே ஒரு ஃபோட்டோ, கல்லறை ஒன்றின் படம், அதன் மேல் மஞ்சள் அட்டை. இந்தக் கல்லறை கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது, குடும்பத்தார் ஊராட்சி அலுவலகத்துக்கு வரவும், கெடு ஜூலை பதினெட்டு மாலை நான்கு மணி. இன்று ஜூலை பதினெட்டு. குடும்பத்தார் யாராவது வந்து, பராமரிக்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் கல்லறை நிற்கும். வராவிட்டால் திங்கட்கிழமை கல்லைப் பெயர்ப்பார்கள், எலும்பைக் கூட்டிப் பொதுக்குழியில் போடுவார்கள், இடத்தை வேறு பிணத்துக்குக் கொடுப்பார்கள். அப்பா மூன்று தடவை கேட்டார். எதையும் ஒரு தடவைகூடக் கேட்காத மனுஷர், பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே முப்பது வருஷத்தை ஓட்டியவர், ஃபோனில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போனியா பாப்பா?" என்றார். நான் சொன்னேன், "உயிரோட இருந்தவங்களுக்கு ஒரு கடுதாசி போடல, செத்தவங்களுக்குக் கையெழுத்துப் போட என்னை அனுப்புறீங்களா? நீங்க வாங்கப்பா, நீங்க வந்து போடுங்க." இதற்குப் பதில் கிடையாது, இருக்க முடியாது, அவ்வளவு சரியான வாதம். அப்புறம் ஏன் வந்தாய்? மறுக்கத்தான். நேரில் போய், கல்லைப் படம் பிடித்து, பாருங்கள் உங்கள் குடும்பம் செய்த வேலையை என்று அனுப்ப. அதற்கு ஆபீஸ் கதவை ஏன் தட்டினாய்? தெரியாது.

கோயில் மணி தாமதமாக அடித்து ஓய்ந்ததும் சன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார்கள். சாத்துகிற கை தெரியவில்லை, பலகை மட்டும் உள்ளே இழுபட்டு டப் என்று பொருந்தும், அடுத்த வீட்டில் டப், எதிர்வீட்டில் டப், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடி முடிந்தபோது என் காலடி மட்டும் மிச்சம். வெயில் நேர் மேலே. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கிறது, மிதித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. உச்சிவேளையில் தலைவிரித்துக்கொண்டு வெளியே போகாதே என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், நான் ஆயிரம் தடவை சண்டை போட்டிருப்பேன், பேய்க்கு ஏன் மணி தெரிய வேண்டும், வாட்சு கட்டியிருக்கிறதா, ஆம்பளைப் பிள்ளைகள் போனால் பிடிக்காதா, அதென்ன பேய்க்குப் பெண்கள் மேல் மட்டும் இத்தனை அக்கறை. இப்போது கை தானாகப் பின்னால் போய்க் கூந்தலை முடிகிறது. வெக்கைக்குத்தான் முடிகிறேன். சாத்திய பலகைகளுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம், தட்டுச் சத்தம், இத்தனை வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், பேசுவது மட்டும் கேட்கவில்லை, கரண்டிகள்தான். நான் ஒரு வீட்டைத் தாண்டும்போது அந்த வீட்டுக் கரண்டி நிற்கிறது. தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கிறது. சும்மா இரு, கற்பனை. அடுத்த வீடு. நின்றது. தாண்டினேன். ஆரம்பித்தது. நடையை வேகமாக்கினேன், ஓடவில்லை, நான் எதற்கு ஓட வேண்டும், அப்போதுதான் கடைசி வீட்டின் சன்னலுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. கிழட்டுக் குரல், பெண் குரல், அவசரமே இல்லாமல், தினமும் சொல்லித் தேய்ந்த ராகத்தில்: "ராசு, சாப்ட்டியாடா?"

தமிழ். லியோனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி, பஸ்ஸில் ஐம்பது நிமிஷம், மலைமேல் முந்நூறு பேர்கூட இல்லாத ஊர், சாத்திய சன்னல், தமிழ். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ், அந்த இழுப்பு அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் கிடையாது. நின்றேன். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன். கரண்டிச் சத்தம்தான் வந்தது. எல்லா வீட்டிலும் வந்தது. ஓடினேன்.

ஓடியது மேட்டை நோக்கித்தான், கல்லறைக்குப் போக வேண்டும் என்று இல்லை, கால் மேட்டை நோக்கி இருந்தது. இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. இந்த நாட்டில் செத்தவர்களுக்கு மட்டும்தான் மதிய இடைவேளை இல்லை. சரளைக் கல்லில் நடந்தால் ஒரு எட்டுக்கு இரண்டு சத்தம் கேட்கிறது, என்னுடையது ஒன்று, அரை நொடி கழித்து இன்னொன்று, மதில்சுவர் எதிரொலிக்கிறது, இயற்பியல், பத்தாம் வகுப்பு, நின்றேன், இரண்டாவது சத்தம் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டு நின்றது. யோசி, வேறு எதையாவது யோசி. கோபப்படு, அதுதான் உனக்கு வரும். இந்தக் கல்லறையில் கிடக்கிற அத்தை, அப்பாவின் அக்கா, நர்ஸாக இருந்தார், பாண்டிச்சேரியில். இருபத்து மூன்று வயதில் எமில் என்கிற பிரெஞ்சு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். தாத்தா அன்றைக்கு மதியம் குடும்பத்தையே அரசலாற்றுக்குக் கூட்டிப்போய்த் தலைமுழுகினார், செத்த வீட்டுக்கு முழுகுவது போல. அப்பாவுக்கு ஒன்பது வயது. தாய் இல்லாத பிள்ளை, அக்கா கையில் சாப்பிட்டு வளர்ந்தவர். "எனக்குத் தண்ணி பயம்னு அழுதேன், பிடரியப் பிடிச்சு முக்குனாரு" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் என்னிடம் இல்லை, அம்மாவிடம், நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. முக்கினார்கள் சரி, ஒன்பது வயதில் என்ன செய்ய முடியும். இருபத்தொன்பதில்? முப்பதில்? வாயில் விசில் இருந்ததா? அத்தை எண்பத்தொன்பதாம் வருஷம் செத்துப்போனதாக அப்போதே இந்த மோனிக்தான் எழுதியிருக்கிறாள், அந்தக் கடிதத்தை அப்பா, தாத்தா கண்ணில் படாமல், தபால்காரரிடமே வாங்கிக்கொண்டாராம், வீரம் அவ்வளவுதான். பதினோரு வருஷம் கழித்து நான் பிறந்தேன். சர்ட்டிபிகேட்டில் யாருக்கும் தெரியாமல் செங்கமலம் என்று எழுதிவிட்டு வந்து, வீட்டில் பாப்பா என்றார். பெரியவர்கள் பேரை வைத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, திட்ட முடியாது, மரியாதைக் குறைச்சல் என்று ஊரில் வழக்கம் இருக்கிறது, அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவில்கூட "எஸ். ஆர்." என்று சொல்ல வைத்தார், வாத்தியார் செல்வாக்கு. இருபத்து நாலு வருஷம் யாரும் கூப்பிடாத பேர். விசா வாங்கப் போனபோதுதான் மைக்கில் அந்தப் பேரைக் கூப்பிட்டார்கள், யாரோ என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில்தான் நான் செங்கமலம், பல்கலைக்கழக அட்டையில், பேங்கில், ரயில் பாஸில். அத்தைக்கும் இந்த நாட்டில்தான் அந்தப் பேர் மிஞ்சியது.

மதிலோரம் நாலாவது வரிசை. மஞ்சள் அட்டை தூரத்திலிருந்தே தெரிந்தது. கல்லில் பெரிதாக என் பேர், தங்க எழுத்து உரிந்து வெறும் பள்ளமாக, S-இலிருந்து கடைசி M வரை ஒரு எழுத்து குறையாமல் என் பேர், கீழே 1943 – 1989. அதன் மேல், கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது. என் பேருக்கு மேல். ஃபோனை எடுத்தேன் படம் பிடிக்க. முடியவில்லை. பீங்கானில் பதித்த சின்ன முட்டை வடிவப் படம் ஒன்று இருந்தது, இங்கே அது வழக்கம், முப்பத்தைந்து வருஷ வெயில் முகத்தை மட்டும் தின்றுவிட்டது, கழுத்தில் சங்கிலி இருக்கிறது, சேலைக் கரை இருக்கிறது, நடுவகிடு இருக்கிறது, நடுவில் வெள்ளை. குனிந்தேன். அந்த வெள்ளையில் என் முகம் மங்கலாக வந்து உட்கார்ந்தது, அளவு சரியாக. பின்னால் நகர்ந்தேன், கை கல்லில் பட்டது, கல் ஈரம். இந்த வெயிலில், மற்ற கல்லெல்லாம் கொதிக்கிறது, இது மட்டும் யாரோ தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி நனைந்து, ஓரத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட கல்லறை என்றால் இது யார் ஊற்றிய தண்ணீர்? அரசலாற்றுத் தண்ணீர் என்று மனசு சொன்னது, மனசை அடக்கினேன், பைத்தியம், பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாய். சரளையில் ஒரு எட்டுச் சத்தம். நான் நடக்கவில்லை. நான் நடக்கவில்லை. இன்னொரு எட்டு.

"செங்கமலம்!"

உலகத்தில் யாரும் அந்தப் பேரை அப்படிக் கூப்பிட்டதில்லை. விசா மைக்கில் வந்தது ஏதோ மருந்துப் பேர். இதில் செ-வில் ஏறி, க-வில் தட்டி, லம்மில் இறங்கி, தெருமுனையில் விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல். திரும்பினேன். தகரப் பூவாளியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி, ஆண்பிள்ளைச் செருப்பு, வாயோரத்தில் பற்றவைக்காத சிகரெட். "கத்தாதே," என்றாள் பிரெஞ்சில், நான் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. "செத்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் மோனிக். என் சன்னலைத் தாண்டி ஓடினாயே, முயல் மாதிரி. ஊரே பார்த்தது." "எல்லாம் சாத்தியிருந்ததே," என்றேன். "சன்னலை எதற்குச் சாத்துகிறோம்? பார்ப்பதற்குத்தான்." "இது இரண்டாவது வாளி, மணிக்கு முன்னால் ஒன்று ஊற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்," என்று பூவாளியைக் கீழே வைத்தாள். "முகத்தைக் காட்டு. ம். அவள்தான். மூக்கு மட்டும் உன்னுடையது." உங்களால் ஏன் கையெழுத்துப் போட முடியவில்லை, நீங்கள்தானே தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன், கேள்வி சண்டையாகத்தான் வந்தது. "கேட்டேன். குடும்பமா என்றார்கள். தோழி என்றேன். தோழிக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை." சிகரெட்டைக் காதில் செருகினாள். "வா, சூப் ஆறுகிறது."

அந்தக் கடைசி வீடு. உள்ளே இருட்டு, சாத்திய பலகைக் கீற்றில் வெயில் கோடுகோடாக மேசையில் விழுந்திருந்தது, இரண்டு தட்டு வைத்திருந்தாள். "இன்று கெடு நாள், வந்தால் ஒருத்தர் வருவார்கள் என்று வைத்தேன்," என்றாள், கரண்டியைத் துடைத்து வைத்தபடி, "இல்லை, பொய். எப்போதும் இரண்டுதான் வைப்பேன்." அவள் இந்த ஊர்த் தபால்காரியாக இருந்தவளாம், சைக்கிளில். எமில் செத்ததும் அவருடைய ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கிப்போய் அவர் தாய் பக்கத்தில் புதைத்துவிட்டார்கள், அத்தை இங்கே தனியாக நின்றுவிட்டார். ஒவ்வொரு தை மாதமும் அத்தை காரைக்காலுக்கு ஒரு கடிதம் எழுதுவார், ஒவ்வொரு பங்குனியிலும் அது பிரிக்காமல் திரும்பி வரும், போகும்போது பையில் வாங்கிப் போட்டதும் வரும்போது கையில் கொடுத்ததும் இந்த மோனிக்தான். "இருபத்தோரு தடவை. முதல் மூன்று தடவை கதவுக்கடியில் தள்ளிவிட்டு ஓடிவிட்டேன், முகத்தைப் பார்க்க முடியாமல். நாலாவது தடவை கதவைத் திறந்துகொண்டு நின்றாள், ஓடாதே, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அன்றிலிருந்து தினமும் மதியம் இங்கே, இது அவள் வீடு, அவளுக்குப் பிறகு நான் இருக்கிறேன்." அந்த உறைகளிலிருந்துதான் முகவரி. நல்லவேளை எங்கள் வீட்டில் யாரும் குடி மாறவில்லை, கோழைகள் ஓரிடத்தில் இருப்பார்கள், அந்த ஒரு நன்மை உண்டு என்று நினைத்தேன், சொல்லவில்லை. கரண்டியை எடுத்தேன். "பொறு," என்று மோனிக் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிகரெட்டைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள், கை கோத்தாள், கண்ணை மூடினாள். "ராசு, சாப்ட்டியாடா?" என்றாள். மூன்று எண்ணும் நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

என் கை அந்தரத்தில் நின்றது. "இது என்ன?" என்றேன். "உங்கள் பிரார்த்தனை," என்றாள் அவள், என்னை ஏதோ மதம் தெரியாத பிள்ளை மாதிரி பார்த்து. "மணி அடித்ததும் உன் அத்தை சன்னலைப் பார்த்து இதைச் சொல்வாள், கொஞ்ச நேரம் காத்திருப்பாள், அப்புறம்தான் வாயில் வைப்பாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. நான் கோயிலுக்குப் போகாதவள், ஆனால் இது பிடித்துப்போயிற்று. ஐம்பது வருஷமாகச் சொல்கிறேன். அந்த மௌனம்தான் முக்கியம் இல்லையா? கடவுள் பதில் சொல்ல விட வேண்டும்." என் அப்பா பெயர் இராசமாணிக்கம். ஊர் முழுக்க மாணிக்கம், பிள்ளைகளுக்குப் பி.டி. சார், அம்மாவுக்கு ஏங்க. ராசு என்று அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, கூப்பிட்டவரை ஆற்றில் தலைமுழுகிவிட்டார்கள். சொல்லலாமா இவளிடம், இது பிரார்த்தனை இல்லை, ஒரு ஒன்பது வயதுப் பையன், பதில் சொல்ல வேண்டியது கடவுள் இல்லை என்று? வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தப்பாகச் சொன்னதைத் திருத்தாமல் மூடிக்கொண்டேன். "ஆமாம்," என்றேன், "மௌனம்தான் முக்கியம்." சூப்பில் மிளகு தூக்கலாக இருந்தது. அதுவும் அத்தையுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு மணி. பச்சை ஸ்வெட்டர்காரி வந்துவிட்டாள், உதட்டோரம் இன்னும் துடைக்கவில்லை. தாளைத் தள்ளினாள். மேல் கட்டத்தில் இறந்தவர் பெயர், கீழ்க் கட்டத்தில் விண்ணப்பதாரர் பெயர். எழுதினேன். "இல்லை மத்மொசெல்," என்று நகத்தால் தட்டினாள், "இங்கே உங்கள் பெயர். இறந்தவர் பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள், பதற்றத்தில் எல்லாரும் செய்வதுதான்." பல்கலைக்கழக அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பராமரிப்பதாக உறுதி," என்றாள், குரல் மாறிப்போய், "இங்கே கையெழுத்து." பேனா கையில் இருக்கிறது. செப்டம்பரில் ஊருக்குப் போகிறேன், எப்படிப் பராமரிப்பேன், பொய் உறுதி சட்டப்படி செல்லாது, தவிர இது அவர் போட வேண்டிய கையெழுத்து, அவர் கையால் போட்டால்தான் நியாயம், வாதம் இன்னும் அப்படியே நிற்கிறது, ஒரு செங்கல்கூட உதிரவில்லை. ஃபோன் அடித்தது. அம்மா. "பாப்பா, ஒங்கப்பா காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம வாசப்படியில உக்காந்திருக்காரு. மணி அஞ்சரை ஆச்சு. போனியா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லுடி, இந்தா." ஃபோன் கை மாறுகிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். நான்காவது தடவை கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. இருபத்தோரு கடிதம், தண்ணி பயம், விசில், என் பேர், இருபத்து நாலு வருஷம், வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக. மூச்சு இழுத்தேன்.

"ராசு, சாப்ட்டியாடா?"

மூன்று எண்ணும் நேரம். வெளியே கல்சிங்கம் சொட்டுவது கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அறுபத்தேழு வயதுக் குரல் இல்லை.

"இன்னும் இல்லக்கா."

கையெழுத்துப் போட்டேன். ஸ்வெட்டர்காரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முத்திரை குத்தினாள். "போயி மொதல்ல சாப்புடுங்கப்பா," என்றேன் ஃபோனில். அது நான்தான் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முந்தியதைத்தான், எந்தக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும், நான் சொன்னேன் என்று என்னால் சொல்ல முடியாது.